மூப்பு தலையெழுத்தா, துப்புரவுக் குறையா?

மனிதனுக்குக் கிழத்தனம் ஏன் வருகின்றது என்று நம் நாட்டில் யாரைக் கேட்டாலும் பதில் ஆயத்தமாக இருக்கின்றது. இந்துவைக் கேட்டால் தலையெழுத்து என்பார். கொஞ்சம் படித்த இந்துவாயிருந்தால் அதையே பிராரப்த கருமம் என்று கனமாகச் சொல்லுவார். முஸ்லிம் தோழரைக் கேட்டால் நஸீபு என்பார். கிறிஸ்தவரைக் கேட்டால் ஆதாம் பழம் தின்ற பாபம் என்பார். மற்ற விஷயங்களிலெல்லாம் ஒருவரையொருவர் நரகத்திற்கு அனுப்பிக்கொண்டிருக்கும் இந்த மூன்று கூட்டத்தாரும் இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் பரம சிநேகிதர்கள். "அது அப்படித்தான் இருக்கும், ஏன் என்று கேட்காதே" என்பதுதான் இவர்களுடைய சிநேகத்திற்கு அஸ்திவாரம்.

சில நாட்களுக்கு முன் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் வண்டியில் காயல்பட்டினத்திற்கு வந்துகொண்டிருந்தேன். குரும்பூரில் ஒரு லேகியக்காரர் ஏறினார். பொதிகை மலையில் அகத்தியர் அருளிய காயகற்பம் என்று ஆரம்பித்தார். பிறகு, பெட்டியில் இரண்டொருவர் படித்தவர்களாய்த் தெரிந்ததால்போலும், "இது மைட்டோகாண்ட்ரியாவுக்கு நேரே சக்தி கொடுக்கும், சயின்ஸ் ஒத்துக்கொண்டது" என்று சேர்த்துக்கொண்டார். எதிரே ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாள் இருந்தார். ஐம்பது வயது என்று சொன்னார். பார்வைக்கு எழுபது இருக்கும். தொள்ளாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்து ஒரு டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கூலிக்கு மேல் என்று அவரே சொன்னார். ஏனம்மா இப்படி என்று கேட்டேன். "என்ன செய்ய அண்ணாச்சி, தலையில எழுதினது அம்புட்டுதான். இருந்தாலும் இன்னும் கொஞ்ச நாளு ஓடணும்லா" என்றார்.

தோழர்களே! இந்தப் பதிலை யோசித்துப் பாருங்கள். தலையெழுத்தானால் லேகியம் எதற்கு? லேகியத்தால் மாறக்கூடியதானால் அது என்ன தலையெழுத்து? ஆனால் அந்த அம்மாளைக் குறை சொல்லி என்ன பயன்? தலையெழுத்தைக் கற்றுக்கொடுத்தவனும், அந்தத் தலையெழுத்துக்குப் பரிகாரம் விற்பவனும் எக்காலத்திலும் கூட்டு வியாபாரிகளே. குரும்பூரிலிருந்து ஆறுமுகநேரி வருவதற்குள் விளக்கிச் சொல்லக்கூடிய விஷயமல்ல இது. ஆகையால் இங்கே எழுதுகின்றேன்.

முதலில் இந்தச் சாவாத பேர்வழிகளைப் பார்ப்போம். நமது தாமிரவருணி உற்பத்தியாகும் பொதிகையில் அகத்தியர் இன்னமும் உயிரோடிருக்கிறாராம். பதினாறு வயதோடு நின்றுவிட்ட மார்க்கண்டேயன் ஒருவன்; அவன் பேரைச் சொல்லித் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நாள் தவறாமல் நடக்கின்றன. கிள்ர் நபி ஜீவஜலம் பருகி இன்றும் உலவுகிறார் என்று முஸ்லிம்களில் ஒரு சாரார் நம்புகிறார்கள். பைபிளில் மெத்தூசலா என்பவர் 969 வருஷம் இருந்தாராம். இவர்களில் ஒருவராவது தமக்குத் தெரிந்த ரகசியத்தை ஊராருக்குச் சொல்லிக் கொடுத்ததாக வரலாறு உண்டா? அகத்தியர் உயிரோடிருப்பது வாஸ்தவமானால், தம் மலையடிவாரத்தில் பிறந்த குழந்தைகள் காலராவிலும் அம்மையிலும் கூட்டங்கூட்டமாய்ச் செத்த காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? அம்மையை ஒழித்தது குத்தூசியே தவிர கும்ப முனியல்ல.

இது பாமரர் நம்பிக்கை, படித்தவர்கள் இப்படியில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் 1938-ம் வருஷத்து வேடிக்கையைக் கேளுங்கள். காசி இந்து சர்வகலாசாலையை ஸ்தாபித்தவரும், காங்கிரசில் பல முறை தலைமை வகித்தவருமான பண்டித மதன் மோகன் மாளவியா அவர்கள் தமது 76-ம் வயதில் தபஸி பாபா என்ற சந்நியாசியிடம் காயகற்பம் செய்துகொண்டார். அலகாபாத்துக்குப் பக்கத்தில் வெளிச்சமும் காற்றும் புகாத குடிசையில் ஏறக்குறைய நாற்பது நாள் அடைபட்டுப் பாலும் பச்சிலையும் சாப்பிட்டார். நரை கறுக்கும், தோல் சுருக்கம் நீங்கும் என்று தேசமெங்கும் பேச்சு. பத்திரிகைகள் அவருடைய உடம்பை நாள்தோறும் விசாரித்து எழுதின. பண்டிதர் வாலிபராகவில்லை. 1946-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் 84 வயதுக் கிழவராகவே காலமானார். 84 நல்ல ஆயுள்தான். அந்த ஆயுளை அடைந்தவர்கள் காயல்பட்டினத்தில் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். இவர்கள் யாரும் இருட்டுக் குடிசையில் அடைபட்டவர்களல்ல. ஒரு சர்வகலாசாலையையே கட்டியவர் தம் உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியைத் தம்முடைய விஞ்ஞானப் பேராசிரியர்களிடம் கேட்காமல் ஒரு சந்நியாசியிடம் போய்க் கேட்டார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

நிற்க. பண்டிதர் குடிசையில் இருந்த அதே காலத்தில் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் வேறொருவர் இதே கேள்வியின் அடிப்படையைத் தோண்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ருடால்ப் ஷோன்ஹைமர். ஜெர்மனியில் பிறந்த யூதர். தாங்களே சுத்த ஆரியர் என்று கொக்கரித்த ஹிட்லர் கூட்டம் 1933-ல் அதிகாரத்திற்கு வந்தவுடன் நாட்டை விட்டு வெளியேறியவர். (ஆரியம் எந்த நாட்டிற்குப் போனாலும் முதலில் அறிவாளியைத்தான் துரத்துகின்றது.) அவர் செய்தது இது: எலிகளுக்குக் கொடுக்கும் புரதச் சத்தில், சாதாரண நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமான நைட்ரஜனை அடையாளமாகச் சேர்த்தார். சாணியில் வைத்த புள்ளிபோல அது எங்கே போகின்றது என்று தேடலாமல்லவா? அதுவரை பெரிய நிபுணர்களும் என்ன நினைத்தார்களென்றால், உடம்பு ஒரு இயந்திரம், சாப்பாடு அதற்கு விறகு, விறகு எரியும், இயந்திரம் அப்படியே இருக்கும் என்பதேயாகும். ஷோன்ஹைமர் கண்டது வேறு. சாப்பிட்ட சத்து எலியின் தசையிலும் ஈரலிலும் போய் உட்கார்ந்தது. அங்கே இருந்த பழைய சத்து சிதைந்து வெளியே போயிற்று. அதாவது உடம்பு என்பது கட்டி முடித்துக் குடிபுகுந்த வீடு அல்ல. குடியிருக்கும்போதே நாள்தோறும் ஒரு பக்கம் இடித்து ஒரு பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் வீடு. இடிப்பது நின்றால் கட்டுவதற்கு இடமில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய அடுப்புகள் இருக்கின்றன. தின்ற சோறும் இழுத்த மூச்சும் கடைசியில் சந்திக்கும் இடம் இதுதான். இங்கே எரியும் எரிப்பிலிருந்து ஏ.டி.பி. என்ற ஒரு பொருள் உண்டாகின்றது. உடம்புக்குள் எந்த வேலை நடந்தாலும் இந்தக் காசைக் கொடுத்தே ஆகவேண்டும். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் செய்து செலவழிக்கும் ஏ.டி.பி.யை நிறுத்துப் பார்க்க முடிந்தால் ஏறக்குறைய அந்த ஆளின் எடையே இருக்கும். இந்தப் பொருளை 1929-ல் கண்டவர்களில் ஒருவர் நம் சென்னையில் வைத்தியம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். சிறு வயதில் சந்நியாசியாகப் போகப் பார்த்தவர். போயிருந்தால் நாட்டில் ஒரு காவி வேட்டி அதிகமாகியிருக்கும், ஏ.டி.பி.யை வேறு யாரோ கண்டிருப்பார்கள். கதர் உடுத்தியதற்காக வெள்ளைக்கார ஆசிரியரின் கோபத்திற்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். அவருக்கு ஒரு சிலை வைக்க யோசிப்பவர்கள் ரயிலில் லேகியம் விற்பவனுக்குத் தாராளமாக இடம் விடுகிறார்கள்.

அடுப்பு எரிந்தால் புகையும் கரியும் இல்லாமல் இருக்குமா? மைட்டோகாண்ட்ரியாவிலும் அப்படியே. ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு சரியாக எரியாமல், கண்டதைக் கடிக்கும் வெறிகொண்ட ரூபமெடுத்துப் பக்கத்திலிருக்கும் புரதங்களைக் கெடுக்கின்றது. காயல்பட்டினத்தில் கடற்காற்று பட்டு ஜன்னல் கம்பி துருவேறுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஏறக்குறைய அதுவேதான் உள்ளேயும். டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் 1956-ல் மூப்புக்குக் காரணம் இந்தத் துருவே என்றார். 1972-ல் அந்தத் துரு பிறக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா என்றார். அவர் சொன்னதை முழு உண்மையென்று இன்றைய விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்வதில்லை. மூப்புக்குக் காரணம் ஒன்றல்ல, பல. துரு ஓரளவு இருப்பது உடம்புக்கு எச்சரிக்கை மணியாகக்கூட உதவுகின்றது என்று பிறகு கண்டிருக்கிறார்கள். மனு சொன்னதை இரண்டாயிரம் வருஷமாகத் திருத்தக்கூடாது என்பவர்களுக்கும், ஹார்மன் சொன்னதை ஐம்பது வருஷத்திற்குள் அவருடைய கூட்டத்தாரே திருத்தியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டுகிறேன்.

கெட்டுப்போன புரதம் கெட்டுப்போன மீனைப்போல. தானும் உதவாது, பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும். இதை அப்புறப்படுத்துவதற்கென்றே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சில என்சைம்கள் இருக்கின்றன. என்சைம் என்றால் வேறொன்றுமில்லை, உடம்புக்குள் ஒரு குறிப்பிட்ட வேலையை விரைவில் செய்து முடிக்கும் புரதம். நொதி என்றும் சொல்லுவார்கள். இவற்றில் ஒன்றுக்கு லான் என்று பெயர். முதலில் நம் குடலில் வசிக்கும் ஒரு கிருமியில்தான் இது அகப்பட்டது. இது கெட்டுப்போன கிருமி பிளவுபடாமல் நீண்ட நூலாக வளர்ந்ததால், இங்கிலீஷில் நீளத்தைக் குறிக்கும் சொல்லைக் கத்தரித்து லான் என்றார்கள். ஆறு உறுப்புகள் வட்டமாகக் கைகோத்து நிற்கின்றன. நடுவில் ஒரு அறை. உருக்குலைந்த புரதத்தின் ஒரு முனையைப் பிடித்து, ஏ.டி.பி. காசைச் செலவழித்து அறைக்குள் இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கி வெளியே விடும். நல்ல புரதத்தை விட்டுக் கெட்டதைப் பார்த்து எடுக்கும் என்பதுதான் விசேஷம். அக்கோனிடேஸ் என்று அடுப்பு வேலைக்கு அத்தியாவசியமான ஒரு புரதம் உண்டு. அது சீக்கிரம் துருவேறும் தன்மையுடையது. துருவேறிய அக்கோனிடேசைத் தேடி நறுக்குவது லான்தான் என்று 2002-ல் கலிபோர்னியாவில் டேவிஸ் என்பவரும் போட்டா என்ற அம்மையாரும் காட்டினார்கள். அதே வருஷத்தில், கிழ எலியின் தசையில் இந்த லான் குறைந்துபோகின்றது என்றும் கண்டார்கள். கிழ எலியின் ஈரலில் லானின் வேலை தளர்வதை வேறு ஆராய்ச்சிக்காரரும் கண்டிருக்கிறார்கள். குப்பை பெருகும்போது துடைப்பம் தேய்கின்றது.

குறைந்துபோவதைப் பார்த்தால் மட்டும் போதுமா? அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? நரையும் கிழத்தனமும் சேர்ந்தே வருகின்றன; அதனால் நரைதான் கிழத்தனத்திற்குக் காரணமென்று சொல்லிவிடலாமா? இதற்கு ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தார் செய்த சோதனையைச் சொல்லவேண்டும். புல் தின்னும் மிருகங்களின் சாணத்தில் வளரும் ஒரு பூசணம் இருக்கின்றது. அது சில வாரங்களில் கிழமாகிச் செத்துப்போகும். அதற்கு லானை அதிகமாக உண்டாக்கும்படி செய்து 2009-ல் பார்த்தார்கள். அது மற்றப் பூசணத்தைவிட அதிக நாள், அதுவும் படுக்கையில் கிடக்காமல் ஆரோக்கியமாக, வாழ்ந்தது. நம்மவர்களும் சாணத்தை ஆயிரக்கணக்கான வருஷமாய்க் கையிலெடுத்திருக்கிறார்கள். பஞ்சகவ்வியமென்று கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள், தீட்டுக் கழிக்கத் தெளிக்கச் சொன்னார்கள், பிள்ளையார் பிடிக்கச் சொன்னார்கள். ஒருவராவது அதில் என்ன முளைத்திருக்கின்றது என்று குனிந்து பார்த்தாரில்லை.

இங்கே ஒன்று சொல்லாமலிருக்க முடியவில்லை. நம் சமூகத்தில் குப்பை வாருகிறவனை எங்கே வைத்திருந்தோம், மந்திரம் சொல்லுகிறவனை எங்கே வைத்திருந்தோம் என்பது யாவருக்கும் தெரியும். ஊரில் துப்புரவுத் தொழிலாளி பத்து நாள் வராவிட்டால் நாறிப்போகும். புரோகிதர் பத்து வருஷம் வராவிட்டால் யாருக்கும் ஒரு தலைவலிகூட வராது. உடம்பென்னும் ஊரிலும் அதே கதைதான். உயிரணுவுக்குள் எவ்வளவு தேடியும் பூணூல் போட்ட புரதம் ஒன்று அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் கட்டுகிறவை, சுமக்கிறவை, வாருகிறவை. மற்றபடி மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே உயிரணுவில் இதே வாரும் வேலை எப்படி நடக்கின்றது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2004-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உலகத்தார் குப்பை வாரும் வித்தைக்குப் பரிசு கொடுக்கிறார்கள். நாமோ 2013-ல் இரண்டாம் தடவையாகச் சட்டம் போட்ட பிறகும் சாக்கடைக்குள் ஆளை இறக்கிக் கொல்லுகிறோம்.

சரி, லான் நல்லதென்றால் லானையே மாத்திரையாக விற்கலாமே என்று லேகியக்காரர் அடுத்த தடவை வருவார். அவருக்கு முன்கூட்டியே சில பதில். முதலாவது, லான் ஒரு புரதம். முட்டையும் புரதம். வாயில் போட்ட முட்டைக்கு வயிற்றில் என்ன கதியோ அதே கதிதான் லானுக்கும். இரண்டாவது, வாரும் என்சைம்கள் எல்லாம் அதிகமாக இருந்தால் நல்லது என்பதும் பொய். அதே பிராங்க்பர்ட் நகரத்தார் கிளிப்-பி என்ற மற்றொரு மைட்டோகாண்ட்ரியா என்சைமை அதே பூசணத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பூசணம் செத்துப்போகுமென்று பார்த்தால் அதிக நாள் வாழ்ந்தது! அதற்குப் பதிலாக மனிதனுடைய கிளிப்-பியை வைத்தார்கள். பழைய ஆயுளுக்கே திரும்பிற்று. இது 2013-ம் வருஷத்துச் சங்கதி. மனிதனுடைய துடைப்பம் சாணிப் பூசணத்தின் வீட்டில் அப்படியே வேலை செய்கின்றது என்பது ஒரு புறமிருக்க, ஒன்று கூடினால் ஆயுள், இன்னொன்று குறைந்தால் ஆயுள் என்றால், எதை எவ்வளவு வைப்பது என்று டப்பாவில் அடைத்து விற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது. லான் அடியோடு இல்லாத எலிக் குஞ்சு தாய் வயிற்றிலேயே செத்துப்போகின்றது. பாதி லான் உள்ள எலிக்கோ கட்டிகள் சீக்கிரம் வருவதில்லை. புற்றுநோய் அணுக்கள் தாங்கள் பிழைப்பதற்கு லானை அதிகமாக வைத்துக்கொள்ளுகின்றன. ஸ்பெயின் தேசத்தார் 2014-ல் கண்டது இது. கண்ணை மூடிக்கொண்டு லானைப் பெருக்கப் போனால் வாலிபம் வருமோ புற்று வருமோ? மைட்டோகாண்ட்ரியா என்ற பெயரை அட்டையில் அச்சடித்து விற்கப்படும் மாத்திரைகளை, இங்கிலீஷ் எழுத்தில் இருக்கின்றதே என்பதற்காக வாங்குகிற பட்டணத்துப் படிப்பாளி, அகத்தியர் பெயருக்காக வாங்கிய உப்பளத்து அம்மாளைவிட எந்த விதத்தில் பகுத்தறிவாளர் என்று கேட்கின்றேன்.

இந்த என்சைம்கள் பிறவியிலேயே பழுதாயிருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கின்றது. பாராப்லெஜின் என்று ஒன்று. அது பழுதானவர்களுக்குக் கால்கள் வரவர விறைத்து நடை தளர்ந்துபோகின்றது என்று 1998-ல் கண்டார்கள். கிளிப்-பி பழுதானால் காது கேளாது. பெண்ணானால் சூற்பையும் அடங்கிப் பிள்ளை பிறக்காது. இரத்த உறவுக்குள்ளே கலியாணம் செய்துகொண்ட குடும்பங்களை ஆராய்ந்து 2013-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதியும் பழுதாயிருந்தால்தான் இந்த நோய் வரும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் சொத்து வெளியே போகாமலிருக்கக் கட்டிவைக்கும் நம் நாட்டில், அந்த இரண்டு பழுதும் ஒரு பிள்ளையிடம் வந்து சேர நாமே பாதை போட்டுக் கொடுக்கிறோம். அப்புறம் கால் விறைத்தவனைப் பார்த்துப் போன ஜென்மத்தில் பசுவை உதைத்தவன் என்கிறோம். பிள்ளை பெறாதவளை மலடி என்று வாசலில் நிற்கவொட்டாமல் அடிக்கிறோம்; அவளை ராமேஸ்வரத்திற்கும் இழுத்துக்கொண்டு போகிறோம், தர்காவிற்கும் இழுத்துக்கொண்டு போகிறோம். அவள் செய்த குற்றமென்ன? ஒரு சிறு புரதத்தில் ஒரு இடத்தில் எழுத்து மாறியிருக்கின்றது. தலையில் எழுதிய எழுத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிற நாட்டில், உயிரணுவில் உள்ள எழுத்தைப் படிக்க மாத்திரம் ஆளில்லை.

இந்த மைட்டோகாண்ட்ரியா நமக்கு எங்கிருந்து வந்தது என்பது காயல்பட்டினத்தாருக்கு நான் சுலபமாக விளக்கக்கூடிய சங்கதி. இவ்வூரில் வீடு பெண்ணுக்கு. கலியாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டிற்கு வந்து தங்குவார். மகன் வேறு வீட்டிற்குப் போய்விடுவான். தாய் வீடு மகளுக்கு, மகள் வீடு பேத்திக்கு என்று போகும். மைட்டோகாண்ட்ரியாவும் அச்சாக இப்படியே. மகனுக்கும் மகளுக்கும் தாயிடமிருந்துதான் வருகின்றது. மகனோடு நின்றுவிடுகின்றது, மகள் வழியாகவே மேலே போகின்றது. அதற்குள்ளே 37 மரபணுக்கள் கொண்ட ஒரு சிறு சாசனம் உண்டு. அது தாய்வழிச் சொத்து. ஆனால் லான் முதலிய துடைப்பங்களைச் செய்யும் மரபணுக்கள் அதில் இல்லை. அவை உயிரணுவின் பெரிய சாசனத்தில், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வருகின்றவை. வீடு தாய் கொடுத்தது. வீட்டைப் பெருக்கும் பொறுப்பு இருவருடையது. பெருக்கும் வேலை பெண்ணுக்கே என்று எழுதிய சாஸ்திரக்காரர் உயிரணுவைப் பார்க்கவில்லை.

இந்தத் தாய்வழிச் சாசனத்தை இந்தியா முழுவதும் வாசித்துப் பார்த்தார்கள். மேல்சாதி கீழ்சாதி மலைச்சாதி என்று நாம் பிரித்து வைத்திருக்கும் கூட்டங்களெல்லாம் பெரும்பாலும் அதே சில பழைய தாய்மாருடைய வம்சத்தில் வந்தவை என்று அது சொல்லுகின்றது. இன்னும் பின்னே போனால், மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த கிருமி. வேறொரு அணுவுக்குள் குடிபுகுந்து அங்கேயே தங்கிவிட்டது. லின் மார்குலிஸ் என்ற அம்மையார் 1967-ல் இதை வற்புறுத்தி எழுதியபோது கேலி செய்தவர்கள் பிறகு ஒப்புக்கொண்டார்கள். குடற்கிருமியின் லானும் நம் லானும் பங்காளிகளாயிருப்பதன் காரணம் இதுதான். பிரம்மாவின் முகத்தில் பிறந்தவரானாலும் பாதத்தில் பிறந்தவரானாலும் உயிரணுவின் அடுப்பங்கரையில் குப்பை வாருவது அந்தக் கிருமியின் வாரிசே.

அப்படியானால் மூப்பை என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். மூப்பை ஒழிக்கும் மருந்து இன்று இல்லை. உண்டென்கிறவன் புரட்டன். ஆனால் துடைப்பம் தேய்வது எல்லோருக்கும் ஒரே வேகத்தில் அல்ல என்பது தெரிந்திருக்கின்றது. கிழ எலிகளை நாள்தோறும் ஓடப் பழக்கினால் தசையில் லான் முதலியவை குறைவது மட்டுப்படுகின்றது என்று 2012-ல் கண்டார்கள். மறுபுறம், அசையாமல் கிடக்கும் தசையில் எலிக்கும் மனிதனுக்கும் லான் குறைந்து, அதனாலேயே தசை சூம்புகின்றது என்று 2022-ல் எழுதியிருக்கிறார்கள். நம் வீடுகளில் வயதானவரைக் கௌரவிப்பது என்றால் கட்டிலில் உட்கார்த்தி வைப்பது என்று அர்த்தம். அதிலும் பெண்களுக்கு ஐம்பது தாண்டிவிட்டால் பேரப்பிள்ளையும் தஸ்பீஹு மணியும், அல்லது ருத்திராட்சமும், இவையே உலகம். காயல்பட்டினத்தில் பெண்கள் ஆண் கண்ணில் படாமல் போய்வர வீட்டுக்கு வீடு முடுக்கு வைத்துக் கட்டினார்கள். அன்றைக்கு அது ஏதோ ஒரு சௌகரியமாயிருந்திருக்கலாம். ஆனால் தசைக்கு முடுக்கு போதாது. இவ்வளவு அழகான கடற்கரை இருக்கின்றது; ஒவ்வொரு பாட்டியும் மாலையில் ஒரு மைல் நடந்து திரும்பட்டும். யார் கண்ணில் பட்டால் என்ன?

இங்கே ஒரு ஆட்சேபணை வரும், அது நியாயமானது. உழைப்புத்தான் மருந்தானால் உப்பளத்து அம்மாளைவிட உழைப்பவர் யார்? அவரல்லவா வாலிபமாய் இருக்கவேண்டும்? தோழர்களே, எலியை ஓடவிட்டவர்கள் அதற்கு வயிறு நிறையத் தீனி கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், ஓடி முடித்தபின் படுக்க விட்டார்கள். இந்த மூன்றும் இல்லாமல் உச்சி வெயிலில், உப்பு வெளுப்பு கண்ணைக் குத்த, உப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பதற்குப் பெயர் தேகப்பயிற்சி அல்ல. இடிப்பதும் கட்டுவதும் சமமாய் நடந்தால்தான் உடம்பு வீடு நிற்கும் என்று ஷோன்ஹைமர் சோதனையிலிருந்து கண்டோம். உழைப்பு இடிக்கின்றது, கட்டுவதற்குப் பருப்பும் முட்டையும் மீனும் தூக்கமும் வேண்டும். அதை யார் கொடுப்பது? அந்த அம்மாளுடைய ஐம்பது எழுபதானது பிரம்மா எழுதியதல்ல. அளத்துக் கணக்குப் புஸ்தகத்தில் எழுதியது. நிழற்கொட்டகை எத்தனை, குடிதண்ணீர்ப் பானை எத்தனை, கால் உறை எத்தனை, மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களில் வீட்டிற்குப் போகும் தொகை எத்தனை என்று அந்தப் புஸ்தகத்தைப் பார்த்தால், யாருக்கு எப்போது கிழத்தனம் வருமென்று எந்த ஜோசியனையும்விட நன்றாகச் சொல்லிவிடலாம்.

முட்டை ஒன்று ஏழு ரூபாயானால் தொள்ளாயிரம் ரூபாய்க்கு நூற்றிருபத்தெட்டு முட்டை. நாளைக்கு ஒன்றாக நான்கு மாதத்திற்கு மேல் வரும். இந்தக் கணக்கை நான் மனதில் போட்டு முடிக்குமுன் ஆறுமுகநேரி வந்துவிட்டது. அந்த அம்மாள் டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கினார். லேகியக்காரர் அடுத்த பெட்டிக்குப் போயிருந்தார்.